இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு டாங்கி

இன்று இரத்தோட்டை பஸ்ஸை மறித்துப் பொலிஸ் சோதித்தது.

என் மடியில் சப்பாத்துப் பெட்டி. உள்ளே, நம் சனிக்கிழமை மேசைப் போர் விளையாட்டுக்காக மட்டையிலும் நெருப்புக்குச்சியிலும் நான் செய்த யுத்த டாங்கி.

“பெட்டியில என்ன?”

“டாங்கிங்க” என்றேன். உண்மையைச் சொல்லும் கெட்ட பழக்கம்.

பஸ்ஸில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பக்கத்து சீட் மிளகு வியாபாரி நானா முந்திக்கொண்டார். “தண்ணி டாங்கி சேர். வெளையாட்டு சாமான்.”

பொலிஸ்காரர் பெட்டியைத் திறந்து பீரங்கிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். “தண்ணி இது வழியாவா வரும்?”

“ஆமாங்க” என்றேன்.

“அப்ப ஒரு மூடி போடுங்க. வீணாப் போகும்.”

சனிக்கிழமையும் இதே பஸ்தான். அதனால் குழாய்க்கு மூடி ஒட்டிவிட்டேன். மூடி போட்ட பீரங்கி சுடலாமா, கூடாதா என்பதை எதிரணி இப்போதே சொல்லிவிடட்டும்.