துட்டி கேட்க வந்த மதினி

முதலில் இருமல்தான் வந்தது. சின்னமனூர் வாழைத்தார் மண்டியில் கத்திக் கத்தி ஏலம் விடுகிறவனுக்கு இருமல் ஒரு நோயா என்று விட்டுவிட்டேன். பிறகு சாயங்காலக் காய்ச்சல். சளியில் ரத்தத்தைப் பார்த்ததும்தான் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார்கள்.

கைக்குழந்தை இருந்ததால் மனைவியை ஆண்டிபட்டிக்கு, அவள் தாய்வீட்டுக்கு நானே அனுப்பிவைத்தேன். மார்க்கையன்கோட்டையில் எங்கள் தெரு என் வாசலோடு நின்றுகொண்டது. தங்கை சாப்பாட்டுத் தூக்கை கேட்டில் மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவாள்.

சில வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. "இனி உங்களால யாருக்கும் தொத்தாது. மாத்திரைய மட்டும் நிறுத்திறாதீங்க" என்றார் டாக்டர். இதை வாசலில் எழுதியா ஒட்ட முடியும்? மனைவியிடம் சொன்னேன். பிள்ளை இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றாள். உங்களுக்கும் இதே நோய் என்றால் சொல்லிவிடுகிறேன்: கிருமி போன பிறகுதான் தனிமை முழுசாகத் தெரியும். அதுவரை அதற்குக் காரணமாவது இருந்தது.

மூச்சுப் பயிற்சிக்காக செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. கல்லால் கட்டிய பெரிய தேவாலயம், கையில் தாளோடு கொஞ்சம் பேர். ஆர்மோனியம் இல்லை, மேளம் இல்லை. ஐரோப்பாவின் பழைய வழிபாட்டுப் பாட்டு, ஐந்நூறு வருடம் இருக்கும், லத்தீன் மொழி என்று கீழே போட்டிருந்தது. ஒரே சொல்லைப் போட்டு இழுத்தார்கள். எரிச்சலில் நிறுத்தப் போனபோதுதான் கவனித்தேன். ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பாட்டைப் பிடித்துக்கொள்கிறார். யாருக்கும் மூச்சு முட்டவில்லை, பாட்டும் அறுபடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை.

அதன்பிறகு தினமும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டேன். ஒரு நாள் காலையில் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்திருந்தபோது கேட் திறந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மதினி, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதபடி உள்ளே வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தலைவருக செத்தா டிவியில சோகமா இழுப்பாகள்ல, அது மாதிரிக் கேட்டுச்சு. போயிட்டீகன்னு துட்டி கேக்க ஓடியாந்துட்டேன் தம்பி."

உயிரோடு கிடந்தவனை எட்டிப் பார்க்காதவர், சாவு விசாரிக்க ஓடி வந்திருக்கிறார். கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து இருமலில் முடிந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எப்ப முடியும்?"

"மெதுவாத்தான் முடியும் மதினி."

பாட்டு முடியும்வரை இருந்தார். பிறகு எழுந்து, வாசலில் நின்று திரும்பினார். "போயிட்டு வாரேன் தம்பி."

துட்டி வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். நோய் வந்ததிலிருந்து என்னிடமும் யாரும் சொன்னதில்லை.

மாத்திரை முடிய இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. அன்றைக்கு அது நீளமாகத் தெரியவில்லை. மூச்சு நெஞ்சின் அடிவரை இறங்கித் திரும்பியது. வருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரும்போது நான் இருக்க வேண்டும்.