போக விரும்பாதவர் அல்ல

ஜிஎஸ்டி சாலையில் குரோம்பேட்டைக்கு முன்னால் பேருந்து நின்றுவிட்டது. முன்னும் பின்னும் ஹாரன் சத்தம், இறங்கவும் வழியில்லை. அப்போதுதான் வசந்தா மேடத்தின் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலைல காபி போட்டுக்கிட்டே இருந்தாங்க..." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. ஓடிப்போய் நிற்கவேண்டிய நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மேடத்தை அறிந்த உங்களுக்கு எங்கள் வேலை தெரியும். வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்றுக்காக, விற்பனைக்கு வரும் ஓவியங்களைப் பற்றிக் குறிப்பு எழுதித் தருவது. ஓவியர் எப்படி வாழ்ந்தார், எப்படி வரைந்தார், இன்று என்ன விலைக்குப் போவார். பெருங்களத்தூரில் ஏசிக் குளிரில் உட்கார்ந்து பிரான்ஸ் தேசத்து மழையைப் பற்றி எழுதுவோம். மேடத்தின் பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு. அதிலும் ஒருவர்மேல்தான் அவருக்கு உயிர். அந்த ஓவியரை அலுவலகமே "உங்க ஆளு" என்றுதான் மேடத்திடம் சொல்லும்.

அந்த ஆள் ஆற்றங்கரைக் கிராமத்தில் இருந்தவர். ஈரமான காலை, குளம், தண்ணீர் குடிக்கும் மாடுகள், எல்லாவற்றின் மேலும் சாம்பல் கலந்த வெள்ளி வெளிச்சம். வியாபாரிகள் இன்னும் மாடு, இன்னும் குளம் என்று கேட்டார்கள். அவரும் காலமெல்லாம் வரைந்து கொடுத்தார். அந்த மாடுகளுக்கு இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் படுத்த படுக்கையான மனைவியின் அறையை, சாத்திய ஜன்னலை, உள்ளிருந்து வரைந்த சில படங்களும் உண்டு. அவற்றில் வண்ணம் கெட்டியாக, அவசரமாக அப்பியிருக்கும். வாங்க ஆள் கிடையாது. ஒருமுறை ஜன்னல் படம் விற்காமல் திரும்பியபோது, "உங்க ஆளு இந்த வாட்டியும் விலை போகல மேடம்" என்று டீம் லீடர் சீண்டினார். மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "விலை போகாத ஆளுன்னா நம்ம ஊர்ல கையெடுத்துக் கும்பிடுவாங்க சார்." அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பழைய குறிப்புகள் எல்லாம் அவரைப் "பயணத்தை விரும்பாதவர்" என்றே சொல்லும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் அதையே பார்த்து எழுதிக் காட்டினேன். மேடம் ஒரே ஒரு சொல்லை அடித்தார். "விரும்பாதவர்னு யார் சொன்னா? பொண்டாட்டி படுத்துக் கிடக்கறா. போக முடியாதவர்னு எழுது." மேலிடம் அதை வெட்டிவிடும், சோகம் விலையைக் குறைக்குமாம். அடுத்த ஏலத்தில் மேடம் மறுபடி எழுதுவார்.

மேடத்தின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தவர். வலது கையும் காலும் வராது. பிடிவாதத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மேடத்தைத் தவிர யார் ஊட்டினாலும் துப்பிவிடுவார். மதிய ஷிப்ட் கேட்டு வாங்கி, சோறு ஊட்டிவிட்டு வருவார் மேடம். திரும்பிப் போனதும் மறுபடி ஊட்டவேண்டும்.

படங்களை நேரில் பார்த்து எழுத ஒருவரைப் பாரிஸுக்கு அனுப்புவதாக முடிவானபோது மேடம் பெயர்தான் வந்தது. பாஸ்போர்ட் எடுத்தார். தி.நகர் போய் ஸ்வெட்டர் வாங்கினார். நர்ஸ் அம்மா ஒருவரை வரவழைத்துப் பழக்கிப் பார்த்தார். கணவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கடைசியில் மேடம் தன்னால் போக இயலாது என்று சொல்லிவிட்டார். "நீங்க தெய்வம் மேடம்" என்று கேன்டீனில் நான் உளறினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெய்வமெல்லாம் இல்லடி. மாட்டிக்கிட்டேன். ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் கோவம் வருது. அதையும் சேத்துப் பிசைஞ்சுதான் ஊட்டறேன்."

பிறகு எழுந்து டிபன் பாக்ஸைக் கழுவப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் சிட்லபாக்கத்தில் மேடத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலருகே அதே நர்ஸ் அம்மா ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். மேடத்தின் கணவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். துப்பவில்லை. அழுது முகம் வீங்கியிருந்த கணவரின் அக்கா எனக்குக் காபி கொடுத்தபடி சொன்னார்: "வசந்தாவுக்கு வீடுதாம்மா உலகம். எங்கயும் போகப் பிடிக்காது."

துக்க வீட்டில் தலையாட்டிவிட்டு வருவதுதான் மரியாதை. என்னால் முடியவில்லை.

"பிடிக்காதுன்னு இல்லீங்க. போக முடியல."

கட்டிலில் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

கிளம்பும்போது மகள் அந்த ஸ்வெட்டரை என் கையில் கொடுத்தாள். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல் இருந்தது. சென்னை வெயிலில் அதை எங்கே போடுவது? அலுவலக ஏசியில் போட்டுக்கொள்கிறேன். வரும் ஏலத்துக்கு அந்த ஜன்னல் படம் மறுபடியும் வந்திருக்கிறது. இந்த முறை குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. போக முடியாதவர் என்றுதான் எழுதியிருக்கிறேன். மேலிடம் வெட்டட்டும், மறுபடி எழுதுவேன்.