நெட்டையன் வூட்டுப் பந்தாட்டக்காரி

ஜோதியம்மாள் பேஸ்கட்பால் ஆட வந்தது பந்தின் மேலிருந்த ஆசையால் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஏணி இல்லாததால்.

எழுபதாம் வருஷம். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பந்து வளையத்துக்குப் புதிதாக வலை வந்திருந்தது, மாட்டுவதற்குத்தான் வழியில்லை. டிரில் டீச்சர் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தவளைக் கையோடு இழுத்துப்போய் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றினார். வலையை மாட்டிவிட்டு இறங்கியவள் கையில் யாரோ விளையாட்டுக்குப் பந்தைக் கொடுத்தார்கள். போட்டாள், விழுந்தது. இன்னொரு தரம் போட்டாள், அதுவும் விழுந்தது. அட, மூன்றாவதும் விழுந்தது! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

உயரம் அவளுக்குப் பரம்பரைச் சொத்து. டவுனை ஒட்டிய வேங்கிக்கால் கிராமத்தில் அவர்கள் வீட்டுக்கு 'நெட்டையன் வூடு' என்றே பெயர். அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். கார்த்திகைத் தேருக்கு வடம் பிடிக்கப் போனால் இவர்கள் தலை மட்டும் கூட்டத்துக்கு மேலே தனியாகத் தெரியும். ஆண்பிள்ளைக்கு அது கம்பீரம், சரி. பெண்ணுக்கு வந்தால்? ஜோதியின் அம்மா காசியம்மாளுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது.

"இவளுக்கு மாப்ளய எங்கன்னு தேடறது? நிமிந்து பாத்தே அவன் கழுத்து சுளுக்கிக்கும்," என்று கொல்லையில் வேர்க்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும்போதெல்லாம் பக்கத்து வரிசைப் பெண்களிடம் புலம்புவாள்.

இந்த லட்சணத்தில், மகள் அரை டிராயர் போட்டுக்கொண்டு மைதானத்தில் குதிக்கிறாள் என்ற சேதி காதில் விழுந்தால் எப்படி இருக்கும்? காசியம்மாள் அந்த நீல டிராயரை எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். ஜோதி அழுது தீர்த்தாள். அப்பா தசரதன் வாயைத் திறக்காத மனுஷர். அடுத்த செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போனவர் அதே நீலத்தில் துணி எடுத்து, அங்கேயே தைக்கக் கொடுத்து, காலி மல்லாட்டைச் சாக்குக்குள் செருகிக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினார். எப்படியோ அதுவும் காசியம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று.

"அப்பனும் பொண்ணும் கூட்டுக் களவாணிங்க. ஆடு, ஆடாத போ. என் கண்ணால மட்டும் அதப் பாக்க மாட்டேன்," என்றாள்.

சொன்னால் சொன்னதுதான். பன்னிரண்டு வருஷம் அவள் அந்தப் பிடிவாதத்தை விடவில்லை.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஜோதி எங்கெங்கோ போய்விட்டாள். மாவட்ட அணி, மாநில ஜூனியர் அணி, பிறகு எழுபத்தைந்தில் விளையாட்டுக் கோட்டாவில் மெட்ராஸில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. பேருக்குத்தான் கிளார்க். காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி, மாலையில் இரண்டு மணி நேரம், நடுவில் ஃபைல்களுக்கு முன்னால் தூக்கம். ஐந்தடி பதினோரு அங்குலம் இருந்த அந்தப் பெண் வளையத்துக்குக் கீழே எகிறினால் எதிரணிக்காரிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது வாய்க்குள் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தூக்குவாள். முதலில் அணிப் பெண்கள் அதைக் கிண்டல் பண்ணினார்கள். பத்துக்கு எட்டு உள்ளே விழுவதைப் பார்த்ததும் கிண்டல் நின்றது. ஒரு வருஷத்துக்குள் பெரம்பூர்ப் பெண், கேரளாப் பெண் எல்லோரும் கோட்டில் போய் நின்று "அரோகரா" சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கட்டாக்கிலும் ஜெய்ப்பூரிலும் ரெஃபரிகள் அது என்ன மந்திரம் என்று விசாரித்தார்கள்.

"எந்த ஊரும்மா?" என்று யாராவது கேட்டால் போதும், ஜோதிக்கு முகம் மலர்ந்துவிடும்.

"திருவண்ணாமல."

"ஓ, கோயில் ஊரா?"

"பேஸ்கட்பால் ஊருங்க!" என்பாள். ஊரில் அப்போது ஒழுங்காக ஒரு பந்தாட்ட மைதானம்கூடக் கிடையாது. அதனால் என்ன? சொல்வதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

ஊரும் அவளை விட்டுவிடவில்லை. தேரடித் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த சகாதேவனுக்கு விளையாட்டு என்றால் உயிர். ஜோதியின் படம் பேப்பரில் எந்த மூலையில் தபால் தலை அளவுக்கு வந்தாலும் வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவிடுவார். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர்தான் கடை கடையாக ஏறி இறங்கி வசூல் பண்ணி, ஊருக்கு ஒரு சிமெண்ட் தரை மைதானம் போட்டே தீருவது என்று நின்றார். எண்பத்திரண்டு தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஜோதியின் மெட்ராஸ் அணியும் வேலூர் அணியும் மோதுவதாக ஏற்பாடு.

அந்தச் சமயம் ஜோதிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வருஷக் கடைசியில் டில்லியில் ஏசியாட், ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் முகாமுக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பிப்ரவரி முதல் தேதி போய்ச் சேர வேண்டும். பதினாலு வயசிலிருந்து கண்ட கனவு, இன்னும் பதினைந்து நாள் தூரத்தில் நின்றது.

ஞாயிறு மாலை நாலு மணி. மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு கட்டி, அதற்கு மேல் ஜனம் சாய்ந்துகொண்டு நின்றது. மதில் மேல் ஜனம், வேப்பமரத்தின் மேல் ஜனம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்கும். பெண்கள் பக்கத்தில் ஒரு தலை கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு முன்னால் வந்தது. ஜோதி பார்த்துவிட்டாள். காசியம்மாள்! கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவை, கையில் கனமாக ஒரு பை.

பிறகு ஜோதி ஆடினாளே ஓர் ஆட்டம்! அதை இன்றைக்கும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பந்து அவள் கைக்கு வருவதுதான் தெரியும், அடுத்தாற்போல் வலை ஆடும். வேலூர்ப் பெண்கள் பாவம், மூன்று பேராகச் சூழ்ந்துகொண்டும் ஒன்றும் நடக்கவில்லை. சகாதேவன் மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். "நெட்டையன் வூட்டுப் பொண்ணுடா!" என்று வேங்கிக்கால் ஆட்கள் துண்டைத் தூக்கி வீசினார்கள்.

இடைவேளை. ஜோதி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது காசியம்மாள் சவுக்குக் கம்புக்குக் கீழே குனிந்து மைதானத்துக்குள் வந்தாள். பையிலிருந்து ஒரு பெரிய பூசணிக்காயை எடுத்தாள். அவர்கள் கூரையில் காய்த்தது. குடைந்து குங்குமத் தண்ணீர் ஊற்றி, தயாராகவே கொண்டுவந்திருந்தாள்.

"இவ்ளோ ஜனமும் உன்னையே பாக்குது. எம்மாங் கண்ணு! நில்லுடி நேரா," என்றாள்.

உச்சியில் சூடம் ஏற்றி, மகளின் தலைக்கு எட்டாமல் எக்கி எக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள். சகாதேவன் மைக்கில், "நம் வீராங்கனையின் தாயார் திருஷ்டி கழிக்கிறார்கள், அனைவரும் கைதட்டுங்கள்!" என்றார். ஜனம் தட்டியது. காசியம்மாள் பூசணியைத் தலைக்கு மேல் தூக்கி, பந்துக் கம்பத்துக்குக் கீழே ஓங்கி உடைத்தாள். அது சிவப்புச் சிவப்பாகச் சிதறியது.

யாருக்கும் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? வருஷக்கணக்காக மண் தரையில் ஆடிய ஊர். எத்தனை தேங்காய், எத்தனை பூசணி உடைத்தாலும் மண் குடித்துவிடும். மேலே நாலு பிடி மண்ணைத் தூவிவிட்டு ஆடுவார்கள். இது சிமெண்ட் என்பது அந்த உற்சாகத்தில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, சாக்கால் ஒரு துடை துடைத்துவிட்டு விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியின் மூன்றாவது நிமிஷம். ஜோதி பந்தோடு ஓடிவந்து வளையத்துக்குக் கீழே எகிறினாள். பந்து விழுந்தது. அவளும் இறங்கினாள். இடது கால் அந்த ஈரத்தில் வழுக்கி ஒரு பக்கம் போக, உடம்பு இன்னொரு பக்கம் போயிற்று. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

மெட்ராஸில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், இனி எகிறக் கூடாது. டில்லியும் போயிற்று, பேஸ்கட்பாலும் போயிற்று.

அவளைத் தூக்கி வந்த அணித் தோழி சரசுவுக்கு விஷயம் தெரியும். ஜோதியின் ஷூவுக்கு அடியில் ஒட்டியிருந்த பூசணி விதைகளை அவள்தான் சுரண்டி எறிந்தாள். சகாதேவனும் பார்த்தார். மறுநாளே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார்.

"நான் தாம்மா பாவி. மைக்குல கைதட்டச் சொன்னேனே!"

ஜோதிக்கு அவர் மேல் கோபம் இல்லை. கோபமெல்லாம் அம்மா மேல்தான். பன்னிரண்டு வருஷம் எட்டிப் பார்க்காதவள் ஒரே ஒரு நாள் வந்தாள், வந்து எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் போனாள். வரட்டும், முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காசியம்மாள் வந்தாள். தூக்கு நிறையக் களியும் கீரைக் குழம்பும். உட்கார்ந்ததும் மகளின் கட்டுப்போட்ட காலைத் தடவினாள்.

"கொள்ளிக் கண்ணுடி. எவ கண்ணோ தெரியல. நான் மட்டும் பூசணி சுத்தலன்னா உன் உசுரே போயிருக்கும். காலோட போச்சேன்னு அண்ணாமலையாருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்."

ஜோதி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மாவே பேசினாள்.

"பதினோரு வாட்டி போட்ட. வெரல வுட்டு எண்ணிகினே இருந்தேன். கடசியா ஒண்ணு போட்ட பாரு, எகிறி, அப்படியே மேலயே நின்ன மாதிரி. பக்கத்துல இருந்தவ கிட்ட சொன்னேன், இது என் வயித்துல பொறந்ததுன்னு. அவ நம்பல! டிராயரக் கொளுத்துனவ நான்... இன்னா புத்தி அது, தூ!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை ஜோதி அவள் முகத்தில் பார்த்ததே இல்லை. வயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்த வார்த்தையை ஜோதி முழுங்கினாள். அது சுலபமாக இறங்கவில்லை.

"கால் எப்போ சரியாவும்?" என்றாள் காசியம்மாள்.

"மூணு மாசம்மா. அப்புறம் பழையபடி ஆடலாம்."

அம்மா போன பிறகு சகாதேவனுக்குக் கடிதம் எழுதினாள். 'அண்ணே, அது எப்படி நடந்ததுன்னு அம்மாவுக்கு ஒருக்காலும் தெரியக் கூடாது. என் மேல சத்தியம்.' அந்த மனுஷர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஆட்டம் முடிந்துபோனது என்று தெரிந்தால் ஏன், எப்படி என்று அம்மா துருவுவாள். துருவினால் பூசணிக்காயில்தான் வந்து நிற்கும். ஆகவே ஜோதி ஆடிக்கொண்டே இருந்தாள், வாயால். ஊருக்குப் போகும்போதெல்லாம் சரசு போட்ட புள்ளிகளைத் தான் போட்டதாகச் சொன்னாள். எண்பத்துநாலில் அவளைவிட இரண்டு அங்குலம் குட்டையான ஓர் ஆபீஸ்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவரும் இந்தப் புளுகுக்கு ஒத்து ஊதினார். காசியம்மாள் வேங்கிக்கால் முழுக்க அதைப் பரப்பினாள்.

வினை என்னவென்றால், அம்மாவுக்கு இப்போது ஆட்டம் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

"அடுத்த மேச்சுக்கு நானும் வரேன்டி. முன்னால குந்தணும்."

"அது நாக்பூரும்மா, ரொம்ப தூரம்." அடுத்த தரம் கல்கத்தா. அதற்கடுத்தது லக்னோ. பன்னிரண்டு வருஷம் வா வா என்று ஏங்கியவள், ஐந்து வருஷம் வராதே வராதே என்று ஊர் ஊராகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க அவளுக்குத் தாங்காது.

எண்பத்தேழில் ஒரு நாள், மெட்ராஸ் மைதானத்தில் மாலைப் பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜோதி மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினால், கேட்டுக்குப் பக்கத்தில் அரக்குப் புடவையில் காசியம்மாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, அட்ரஸ் சீட்டைக் காட்டிக் காட்டி விசாரித்து வந்திருந்தாள்.

"இன்னா, உன்ன எறக்கலியா?"

"முப்பத்தொண்ணு ஆயிடுச்சிம்மா. சின்னப் பொண்ணுங்களுக்கு வுட்டுக் குடுத்துட்டேன்."

"எப்போ?"

"இந்த மாசம் தான்."

காசியம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தாள்.

"ஒருத்தியும் உன்னாட்டம் எகிறல," என்றாள் பிறகு. "பன்னெண்டு வருஷம் வீம்புக்கு வூட்டுலயே குந்தினு இருந்துட்டேன். நான் பாத்தது ஒரே ஒரு ஆட்டம்."

ஜோதி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் ஆட்டத்துலயே அதான்மா நல்ல ஆட்டம்," என்றாள். ஐந்து வருஷமாக அம்மாவிடம் புளுகிக்கொண்டிருந்தவள் அன்றைக்குச் சொன்னதில் பொய் கிடையாது.