பாப்பா பெட்டியின் சொந்தக்காரி

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு வாங்குகிறவர்களில் பாதிப் பேராவது கீர்த்திகாவைப் பார்த்திருப்பார்கள். பெட்டி லேபிளில் இரண்டு வயதுக் குழந்தை, மஞ்சள் கவுன், உச்சியில் ஒரு குட்டிக் குடுமி, கையில் மத்தாப்பு. சிரிப்பு நிஜம். பொறி மட்டும் அச்சகத்தில் சேர்த்தது. வடக்கத்தி வியாபாரிகள் கம்பெனிப் பெயரே சொல்ல மாட்டார்கள், ‘பாப்பா பெட்டி’ என்றுதான் ஆர்டர் போடுவார்கள்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. விருதுநகரில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படிக்கிறாள். அவள் செய்த காரியத்தை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை!

அவள் அப்பா லட்சுமிகாந்தமும் சித்தப்பா மணிகண்டராஜும் நாரணாபுரத்தில் ஒன்றாகத்தான் பட்டாசுக் கம்பெனி நடத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு சண்டை. எதில் தொடங்கியது என்று இப்போது கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. ஷெட், லாரி, டீ கேன் வரைக்கும் பிரித்துக்கொண்டார்கள். லேபிளை மட்டும் பிரிக்க முடியவில்லை. “எம் மக மூஞ்சி” என்றார் அண்ணன். “போட்டோ எடுத்தது நானு” என்றார் தம்பி. இருவரும் அதையே அச்சடிக்க, வியாபாரிகள் குழம்பிப்போனார்கள்.

கடைசியில் இருவருக்கும் மூத்தவளான கற்பகவல்லி அத்தை பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள். பாப்பாவையே கேட்டுவிடலாம் என்று முடிவு.

காரில் போகும்போதே அப்பா சொல்லிவிட்டார். “லேபிள் அவனுக்குப் போச்சுன்னா, அந்த வீட்டு வாசல நம்ம யாரும் மிதிக்கப்படாது.” லேபிள் அண்ணனுக்குப் போனால் அந்த வீட்டு ஆள் யாரும் தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சித்தப்பாவும் சொல்லியிருந்தார். சித்தப்பா மகள் ஸ்ரீமதிக்கு ஆவணியில் கல்யாணம். ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்த அக்கா. யார் பெயரைச் சொன்னாலும் கீர்த்திகாவுக்கு அந்தக் கல்யாணம் இல்லை.

அத்தை வீட்டில் அண்ணன் ஒரு சுவரைப் பார்த்தும் தம்பி எதிர்ச் சுவரைப் பார்த்தும் உட்கார்ந்தார்கள்.

“அக்கா, அவன் காப்பி குடிச்சிட்டானான்னு கேளு. சீக்கிரம் முடிக்கணும்.”

“குடிச்சாச்சுன்னு சொல்லுக்கா.”

“ஏலே, நான் என்ன ஒங்களுக்குப் போன் கம்பியா? வாய மூடுங்கலே ரெண்டு பேரும்!” என்ற அத்தை கீர்த்திகா பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுட்டி. லேபிள் யாருக்கு?”

“எனக்கு.”

“ஒனக்கா? நீ என்ன கம்பெனியா வச்சிருக்க?”

“இல்ல அத்தை. சும்மா வச்சுக்கிடுவேன்.”

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் முகம் சிவந்தது. “பாப்பா, வெளையாடாத. சொல்லிக் குடுத்தத சொல்லு.”

“அந்தப் போட்டோ எடுக்கையில என்கிட்ட யாரும் கேக்கலப்பா. இப்பத்தான் கேக்கீக. நான் குடுக்கல. அப்பாவுக்கும் இல்ல, சித்தப்பாவுக்கும் இல்ல.”

“அச்சடிச்சு வச்சிருக்கமே, அதுக்கு என்ன பண்ண?” என்றார் சித்தப்பா, பாதிச் சிரிப்பில்.

“இந்த சீசன் லோடு போயிரட்டும். அடுத்த வருசம் ரெண்டு பேரும் கிளியப் போடுங்க, முயலப் போடுங்க. நான் இருக்க மாட்டேன். நான் ஸ்ரீமதி அக்கா கல்யாணத்துக்குப் போவேன். யாரும் தோத்துப்போகல, அதனால யாரு வாசலையும் மூட முடியாது.”

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அத்தை, “தீர்ப்பு முடிஞ்சு போச்சுலே, எந்திரிங்க” என்றாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கீர்த்திகா கல்லூரிக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டி படுக்கையோடு கிளம்பியவளை அப்பாவே காரில் சித்தப்பா வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

வாசலுக்கு வந்த சித்தப்பா அவளிடம் சொன்னார். “பாப்பா, பந்தல் சாமான் லாரி வருது. வண்டிய ஓரமாப் போடச் சொல்லு.”

“அங்கனதான இருக்காக, நீங்களே சொல்லுங்க” என்றபடி அவள் படியேறிப் போய்விட்டாள்.

உள்ளே ஸ்ரீமதி மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாய்ந்து வந்து முட்டினாள். வெளியே கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சித்தப்பாவின் குரல் கேட்டது.

“அண்ணே... கொஞ்சம் ஓரமா.”