தேயிலை வாட்டிய கையால் புல் கட்டியபோது

மரப்பெட்டிக்குள் இறங்கி நின்று காய்ந்த புல்லை மிதித்தால் முழங்கால் வரை ஓர் அரிப்பு ஏறும் பாருங்கள்... எவ்வளவு தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும் போகாது. மலையூரான கேத்தியில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அந்த அரிப்போடுதான் தூங்கினேன்.

அதற்கு முன் எட்டு வருடம் எனக்கு டீ ஃபேக்டரிதான். பச்சை இலையை வாட்டும் மாடியில் வேலை. இலையைக் காற்றில் பரப்பிவிட்டு, பதமாகத் துவளும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பதம் பார்ப்பது கையால். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். காம்பை மடித்தால் முறியக் கூடாது. முறிந்தால் இலை கருகிவிட்டது, திட்டு விழும். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, இதில் நான் கெட்டிக்காரி. சில நாள், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரே என்னைக் கேட்டுவிட்டுத்தான் இலையை அரைக்க இறக்கச் சொல்வார்.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். பண்ணையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

உறைபனி தொடங்கினால் மலையில் புல் கருகிவிடும். அதற்குள் அறுத்து, காயவைத்து, கட்டிக் கொட்டகையில் அடுக்கிவிட வேண்டும். முதலாளி போஜன் அண்ணன், "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"பதம் பாக்கத் தெரியுங்கண்ணா. கையில புடிச்சாலே சொல்லிருவேன்."

அந்த வாயை அன்றே தைத்திருக்கலாம்.

"சரி, அப்ப பதம் உங்க பொறுப்பு. ஒரு மாசம் பாக்கலாமுங்க. சரியா வந்தா இருங்க" என்றார்.

பெட்டிக்கு அடியில் இரண்டு கயிற்றைப் போட்டு, புல்லைத் திணித்து, மிதித்து, கயிற்றை இழுத்து முடிந்து, கவிழ்த்தால் கட்டு. கேட்க எளிது. பால் கறக்கும் வசந்தா அக்கா, "நல்லா ஏறி மிதி புள்ள, தொளதொளன்னு வருது" என்பார். போஜன் அண்ணன் வந்து, "ரொம்ப இறுக்காதீங்க, காத்துப் போகோணும்" என்பார். யார் பேச்சைக் கேட்பது? அக்கா பார்க்கும்போது ஓங்கி மிதித்தேன், அண்ணன் பார்க்கும்போது மெதுவாக மிதித்தேன். கட்டுகள் ஒன்று முட்டைக்கோஸ் மாதிரியும் இன்னொன்று பழைய தலையணை மாதிரியும் வந்தன...

குழப்பமே இல்லாத ஒரே விஷயம் பதம். அறுத்த இரண்டாம் நாள் ஒரு பிடி எடுத்து இறுக்கினேன். உருண்டையாக நின்றது. புல்லின் தாளை மடித்தேன். முறியவில்லை. அருமை.

"ஒடையோணுமே புள்ள..." என்று இழுத்தார் வசந்தா அக்கா.

"ஒடைஞ்சா கருகிப்போச்சுன்னு அர்த்தங்க்கா" என்றேன், ஃபேக்டரி அதிகாரத்தோடு. அக்கா கயிற்றை எடுத்தார். கொட்டகையில் பாதி நிறையும் அளவுக்குக் கட்டி அடுக்கினோம்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் கொட்டகைக் கதவைத் திறந்தேன். உள்ளே இனிப்பாக ஒரு வாசம்... ஃபேக்டரியில் நறுக்கிய தேயிலை நிறம் மாறிப் பதத்துக்கு வரும்போது அடிக்குமே, ஏறக்குறைய அதே வாசம். எனக்குக் கொள்ளை சந்தோஷம். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "வேலை பழகிடுச்சும்மா" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் வசந்தா அக்கா கூப்பிட்டார். "இங்க வந்து கைய வெச்சுப் பாரு." கட்டுக்குள் கையை நுழைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பாத்திரம் போலச் சுட்டது.

"ஏங்க்கா, வாசம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்ல வாசமா? ஈரத்தோட கட்டுனது உள்ள புழுங்கிச் சூடேறுது. இப்படியே உட்டா கொட்டாயே பத்திக்கும் புள்ள. பூஞ்சை புடிச்சதத் தின்னா செனை மாட்டுக்குக் கன்னு தங்காது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டு வருடம் எந்த வாசம் நல்லது என்று பழகினேனோ, அது எப்படி நெருப்பின் வாசமாக இருக்க முடியும்? இரண்டு பேரும் கயிறுகளை அறுத்துப் புல்லை வெளியே இழுத்துப் போட்டோம். அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பியது.

போஜன் அண்ணன் வந்து பார்த்தார். முதலில் அக்காவைத்தான் கேட்டார். "வசந்தா, இத்தன வருசமா இங்க இருக்க. உனக்குமா தெரியல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் வேலை தங்கும் என்று தோன்றியது. ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவின் முகம் கண்முன் வந்தது. பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அக்கா வேண்டாம்னாங்கண்ணா. நாந்தான் கேக்கல. நேத்தே வாசம் வந்துச்சு... நல்லதுன்னு நெனச்சுக் கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்."

அவர் ஒரு தாளை எடுத்து மடித்தார். அது வளைந்தது. "கெட்டதக் குப்பைக் குழியில போடுங்க. மிச்சத்த மறுபடி காயப் போடுங்க. ஒடையற அன்னிக்கு வந்து சொல்லுங்க. நீங்கதான் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மூடுபனி இறங்குமுன் வாரி மூடுவதும், வெயில் வந்தால் பரப்புவதுமாக நான்கு நாள். ஐந்தாம் நாள் தாள் 'டக்' என்று முறிந்தது. போச்சு, கருகிவிட்டது என்றது மனசு. அதை அடக்கிக்கொண்டு போய், "ரெடிங்கண்ணா" என்றேன். இன்றும் அதே பண்ணையில்தான் இருக்கிறேன்.

இப்போது மிஷினில் கட்டிய சதுரக் கட்டுகள் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து லாரியில் வருகின்றன. ஊசி மாதிரி ஒரு மீட்டரைக் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று நம்பரே வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் ஒரு தாளை ஒடித்துப் பார்க்க எவ்வளவு பயம்! அந்தப் பயம் இல்லாதது நிம்மதிதான்... ஆனாலும் என்னவோ போல இருக்கிறது.

போன மாதம் பழைய ஃபேக்டரித் தோழி ஒருத்தி, இப்போது அவள் வேலை செய்யும் சின்ன ஃபேக்டரிக்குக் கூட்டிப்போனாள். வாட்டும் மாடியில் ஒரு பிடி இலையை என் கையில் வைத்து, "நீதான் கரெக்டா சொல்லுவியே, சொல்லு பாப்போம்" என்றாள்.

காம்பை மடித்தேன். வளைந்தது.

"இன்னும் காயணும்" என்றேன்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.