தகுதியானவர் யாரும் இல்லை

எங்க விலங்கியல் துறையில ஒரு நாற்காலி பல வருஷமா காலியா கெடந்துச்சு. பழங்குடியினருக்குன்னு ஒதுக்கின உதவிப் பேராசிரியர் இடம். இனச்சுழற்சிப் பட்டியல்படி முறை வரும், விளம்பரம் போடுவாங்க, ஆளுங்க வருவாங்க. தேர்வுக் குழு முந்திரிப்பருப்பு தின்னுட்டு, ‘தகுதியானவர் யாரும் இல்லை’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிடும்.

போன தடவை அந்தக் குழுவுல என்னையும் போட்டாங்க. விதிப்படி ஒரு பெண் உறுப்பினர் வேணும், பின்தங்கின சமூகத்துலேருந்து ஒருத்தர் வேணும். ரெண்டுக்கும் நானே ஒத்து வந்ததால ஒரு சாப்பாடு மிச்சம்னு ஆபீஸ்ல சந்தோஷம். அறிவியல் துறைங்க அத்தனையிலயும் மீன்பிடிக்கிற வீட்லேருந்து வந்தவ நான் ஒருத்திதான். எல்லா ஜனமும் இங்க இருக்குன்னு காட்ட பல்கலைக்கழகம் எந்தப் போட்டோ எடுத்தாலும் முன்வரிசையில நான் நிப்பேன். அந்தப் போட்டோவுக்காகவே நாலு புடவை வச்சிருக்கேன்.

முந்தின நாள் நைனாவுக்கு போன் பண்ணேன். எங்க நைனாவுக்குப் பழவேற்காடு ஏரியில தொழில். விஷயத்தைக் கேட்டுட்டு, “முறை வந்துச்சா இல்லியா?”ன்னாரு. வந்துச்சுன்னேன். “அப்புறம் இன்னாத்துக்குக் கூட்டம்? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்றது சரியாத்தான் இருக்கு.”

அவரு பாடு கணக்குல பேசினாரு. ஏரியில இறால் நல்லா விழற இடங்களை ஊர்க்காரங்க சீட்டுப் போட்டு, முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. இன்னிக்கு இந்த எடம் ஒருத்தனுக்கு, நாளைக்கு இன்னொருத்தனுக்கு. அதுக்குப் பேருதான் பாடு. “முறை வந்தவன் வலை போடறான். உனக்குப் போடத் தெரியுமான்னு கரையில நின்னு எவனும் பரீட்சை வைக்கறதில்ல”ன்னாரு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாளைக்குக் குழுவுல இதையே சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். ஆழம் தெரியாம காலை விடறதுன்றது இதுதான்.

மறுநாள் வந்தது ஒரே ஆள். எங்க ஊருக்கு எதிர்க்கரையில இருக்கற இருளர் குடியிருப்புப் பொண்ணு. இறால் குஞ்சுங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினவங்க. எட்டு வருஷமா ஒரு காலேஜ்ல கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேர்ல மட்டும்தான். ஜூன்லேருந்து வரவேணாம்னு அங்கயும் சொல்லிட்டாங்க. “இதுவும் இல்லன்னா அம்மா கூட ஏரியில எறங்கிக் கையால இறால் தடவப் போவணும் மேடம்”னு உள்ள வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாங்க, பஸ் நேரம் சொல்ற மாதிரி.

குழுத் தலைவர் இயற்பியல் பேராசிரியர். எப்படி வந்தீங்கன்னு கேட்டாரு. பஸ்ஸுன்னாங்க. வீட்ல எல்லாரும் படிச்சவங்களான்னாரு. இல்லன்னாங்க. “உங்க ஆளுங்க நல்லா பாம்பு புடிப்பாங்களே, நீங்க புடிப்பீங்களா?”

“இல்ல சார். எனக்குப் பயம்.”

வெளியூர்லேருந்து வந்த நிபுணர், ஏரிக்குப் பக்கத்துல காட்டுப்பள்ளி துறைமுகம் வந்தது நல்லதா கெட்டதான்னு கேட்டாரு. அவங்க பதில் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல பொறுக்கலாகாதுன்னு நான் ஆரம்பிச்சேன். பாடு, சீட்டு, முறைன்னு பத்து நிமிஷம் விளக்கி, எங்க மீனவங்களுக்குத் தெரிஞ்ச நியாயம் நமக்குத் தெரியலியேன்னு முடிச்சேன். தலைவர் சொக்கிப்போயிட்டாரு. அந்தப் பொண்ணு பக்கம் திரும்பி, “உங்க வீட்டுக்கும் பாடு உண்டாம்மா?”ன்னாரு.

“இல்ல சார். எங்களுக்குக் குடுக்கறதில்ல. அந்த எடத்துல எறங்கினாலே வெரட்டுவாங்க.”

“யாரு?”

அவங்க ஒரு நொடி என்னைப் பாத்தாங்க. “ஊர்க்காரங்க சார்.”

இப்ப எல்லாரும் என்னைப் பாத்தாங்க. மேடத்துக்கு உண்டான்னு நிபுணர் கேட்டாரு. “எங்க நைனாவுக்கு உண்டு. எனக்கு இல்ல. பொம்பளைக்குக் கெடையாது”ன்னேன். ஆக, பாடே இல்லாத நான், பாடே இல்லாத இன்னொருத்தியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதோட பெருமையை நாலு ஆம்பளைங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கேன். தவளை தன் வாயால கெடும்னு விலங்கியல் படிக்காதவங்களுக்கும் தெரியும்.

அவங்க வெளிய போனதும் தலைவர் பேனாவைத் தெறந்தாரு. நல்ல பொண்ணுதான், ஆனாலும் அந்தத் தகுதின்னு ஒண்ணு, அப்படின்னு இழுத்துக்கிட்டே எழுதப் போனாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. பாதி அவரு மேல, பாதி என் மேல. மொத்தத்தையும் அவரு மேலயே காட்டினேன்.

“எந்தக் கேள்விக்குத் தப்பா பதில் சொன்னாங்கன்னு அதுக்குக் கீழயே எழுதிடுங்க சார்.”

அவரு கையில இருந்த தாளைப் பாத்தாரு. அதுல பஸ், பாம்பு, துறைமுகம்.

“இறாலைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வைக்காத பரீட்சையில எப்படி சார் ஃபெயிலாக்குவீங்க? இப்படி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நான் போடலன்னா பெண் உறுப்பினர் கையெழுத்தும் இல்ல, பின்தங்கின சமூகத்துக் கையெழுத்தும் இல்ல. தாளே செல்லாது. ஒரு சாப்பாடு மிச்சம் பண்ணினது இப்படி வந்து முடியும்னு ஆபீஸ்ல யாரும் நெனைச்சிருக்க மாட்டாங்க.

அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டாங்க. முகத்துவாரம் மண்ணு மூடிக்கிட்டா கடல்லேருந்து வர்ற இறால் குஞ்சுங்க கதி இன்னான்னு நிபுணர் கேட்டாரு. அவங்க போர்டுகிட்ட போய் ஏரியை வரைஞ்சாங்க. அரைமணி நேரம் பேசினாங்க. பாதியில நிபுணர் தன் டைரியை எடுத்துக் குறிச்சுக்க ஆரம்பிச்சாரு. அன்னிக்கு சாயங்காலமே அவங்களைத் தேர்வு பண்ணினதா குழு எழுதுச்சு. நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் பெருமையா இருந்துச்சு, அதைச் சொல்லிக்கறதுல வெக்கமில்ல.

ஜூன்ல வேலைக்குச் சேர்ந்தாங்க. மைசூர்பாக் டப்பாவை என் மேசையில வச்சுட்டு, “உங்க நைனாவை எனக்கு நல்லாத் தெரியும் மேடம்”னாங்க. எப்படின்னு ஆசையா கேட்டேன்.

“எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கம்மா உங்க பாடு எடத்துல எறங்கிட்டாங்க. இறாலைத் தடவிப் புடிச்சுப் போட ஓலைப் பறி ஒண்ணு வாயில கவ்விக்கிட்டு இருப்பாங்க இல்ல, அதைப் புடுங்கி மிதிச்சாரு. அம்மாவுக்கு ஒரு பல்லு போச்சு.”

மைசூர்பாக் என் வாயில இருந்துச்சு. முழுங்கிட்டு, “அன்னிக்கு யாருன்னு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே”ன்னேன்.

“சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்களா மேடம்?”

நான் மைசூர்பாக் டப்பாவோட மூடியைத் தேடி மூடினேன். அவங்க டைம்டேபிள் யார்கிட்ட வாங்கணும்னு கேட்டாங்க. மூணாவது ரூம்னு சொன்னேன்.