வகுப்புக் குழுவில் என் குரல்

அன்று காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு என் மகளை அடித்தேன். எட்டு நாற்பதுக்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் "பிரசென்ட் மிஸ்" என்று பிள்ளை தன் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும், தவறினால் ஆப்சென்ட். மூன்றாம் வகுப்புக்கு இத்தனை கெடுபிடி. பெரம்பலூரில் எங்கள் தெருவில் மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். நான் கத்தக் கத்த, அவள் படியில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "சாரி மிஸ்" என்றாள்.

அம்மா என்று சொல்லவில்லை. 

நான் வேலை பார்த்த தட்டச்சுப் பயிலகத்தை கொரோனா ஊரடங்கில் மூடிவிட்டார்கள். கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. ஆட்களை உள்ளேயே தங்கவைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம்தான், ஆனால் வேறு மாவட்டம். இ-பாஸ் வேண்டும். சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, இவற்றுக்கு விண்ணப்பத்தில் இடம் உண்டு. பெண்டாட்டி வாரக்கணக்கில் தூங்கவில்லை, பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை என்பதற்கு இடமில்லை. இரண்டு முறை போட்டோம். இரண்டு முறையும் தக்க காரணம் இல்லை என்று தள்ளினார்கள். யாருக்குத் தக்க காரணம்?

மகளை உள்ளே அனுப்பிவிட்டு, மாடியிலேயே உட்கார்ந்து அக்காவுக்குப் பேசி அனுப்பினேன்:

"அக்கா, என்னால முடியலக்கா. புள்ளைய அடிச்சுட்டேன். இன்னொரு தடவ அடிச்சா நிறுத்துவேனான்னு பயமா இருக்கு. நான் இல்லாம இருந்தாதான் இவளுக்கு நல்லதோன்னு தோணுது. யாராவது வந்து இவள கூட்டிட்டுப் போங்கக்கா."

பதினைந்து வருடம் பிள்ளைகளுக்கு விசை பிசகாமல் தட்டச்சு அடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். திறந்திருந்தது அக்காவின் பக்கம் இல்லை, வகுப்புக் குழு என்பதை நான் பார்க்கவே இல்லை.

முதல் பதில், நேரம் தப்பிய இன்னொரு குழந்தையின் குரல்: "பிரசென்ட் மிஸ்." அடுத்து யாரோ ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் சொன்னார்கள். ஒருவர் கும்பிடும் கை. ஓர் அப்பா எழுதினார்: "டெலிட் பண்ணிடுங்க மேடம், புள்ளைங்க கேக்கும்." கடைசியாக ஆசிரியை: "பெற்றோர் கவனத்திற்கு. இக்குழு பாடத்திற்கு மட்டுமே." நாற்பது வீட்டுப் பெரியவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கணவர் கூப்பிட்டார். அவருடன் ஆலையில் இருப்பவரின் மகளும் அதே வகுப்பு.

"என்ன பண்ணி வச்சிருக்க? இங்க எல்லாரும் கேட்டுட்டு என்னையவே பாக்குறானுவ."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். மொதல்ல அத அழி. வூட்டுல சும்மாதான இருக்க, பாத்து அனுப்பக்கூடாதா?"

சும்மா. அவர் அத்தியாவசியப் பணியாளர், நான் சும்மா. "அழிக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வீம்பாகத்தான் சொன்னேன். வெட்கப்பட வேண்டியது நான் மட்டும்தானா?

ஆனால் வீம்பு மதியம் வரைகூடத் தாங்கவில்லை. மகளை அறைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. என்னிடமிருந்து அவளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் மொபெட் நின்றது. பின்னால் ஒரு மூட்டை சின்ன வெங்காயம். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. நான் பார்த்திராத பெண்.

"யாருங்க?"

"பக்கத்துல செட்டிகுளம் கிராமங்க. எம் பொண்ணும் உங்க பொண்ணு கிளாஸ்தான். ஸ்கூல் வேன் டிரைவர்ட்ட வூடு கேட்டுகிட்டு வரேன். வெங்காயம் விக்கப் போறேன்னு போலீஸ்ட்ட சொல்லிட்டு வந்தேங்க. பாப்பா எங்க?"

நான் தாழ்ப்பாளைக் காட்டினேன். அவரே போய்த் திறந்தார். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"காலைல எங்க வூட்டுக்காரரு அதக் கேட்டுட்டு, எங்குரலுன்னே நெனச்சு, 'ஏண்டி இப்புடிப் பேசி அனுப்பிச்ச'ன்னு என்னையப் புடிச்சு ஏசுறாருங்க. 'ஐயோ, நான் இல்லங்க'ன்னு சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் ஆச்சு."